ரேடியோ மேல் பழி போடும் முன்: ஆர்சி கார் கேள்வி பதில்

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. கும்பப்பூ அறுத்த வயலில் நம் ரிமோட் கார்களுக்காகப் போட்டிருந்த டிராக்கில் இப்போது கன்னிப்பூ நாற்று நிற்கிறது. வண்டிதான் ஓடவில்லை, வாயாவது ஓடட்டும் என்று டிரான்ஸ்மிட்டர் (ரேடியோ, ரிமோட் என்பதும் இதைத்தான்) பற்றிய கேள்விகளை அனுப்பச் சொன்னேன். குவிந்துவிட்டன.

எனக்கு இது தொழில் அல்ல. ஒழுகினசேரியில் முப்பது வருடம் ஆம்ப்ளிஃபயர், டேப் ரிக்கார்டர், டிவி என்று பழுது பார்த்தவன். கோயில் கொடை வந்தால் சவுண்ட் செட்டில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போவேன். அந்தப் புத்திதான் இங்கேயும் வேலை செய்கிறது. மோட்டார், டயர், ஷாக் ஆயில் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்று. ஆன் செய்யும்போது முதலில் ரிமோட், அப்புறம் வண்டி. அணைக்கும்போது முதலில் வண்டி, அப்புறம் ரிமோட். இன்று இதை எத்தனை தடவை சொல்லப் போகிறேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தக்கலை: அண்ணாச்சி, முதல் முறையாக 1/10 பக்கி கிட் (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு) வாங்கியிருக்கிறேன். ரேடியோ தனியாக வாங்க வேண்டும். சில ஆயிரத்திலும் இருக்கிறது, அரை லட்சத்திலும் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

ரேடியோ வாங்குவது சம்பந்தம் பேசுவது மாதிரி. பெட்டியில் இருப்பது ஒருவர், வீட்டுக்கு வருவது குடும்பம். வண்டிக்குள் உட்கார்ந்து ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர்தான் அந்தக் குடும்பம். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கும். ஆனால் ஒரு கம்பெனி ரிமோட் இன்னொரு கம்பெனி ரிசீவரோடு பேசாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே பாஷை வேறு. ஃப்ளைஸ்கையில் ஜிடி5 பேசுவது ஏஎஃப்ஹெச்டிஎஸ் 2ஏ, நோபிள் என்பி4 பேசுவது ஏஎஃப்ஹெச்டிஎஸ் 3. சான்வாவில் எஃப்ஹெச்3, எஃப்ஹெச்4, எஃப்ஹெச்5 என்று தலைமுறை தலைமுறையாகப் போகும். ஆகவே ரிமோட்டின் விலையோடு கூட ஒரு ரிசீவர் என்ன விலை, நம் ஊருக்கு எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். இரண்டாவது வண்டி வாங்கும்போதுதான் இதன் அருமை தெரியும். வாங்காமல் இருக்கப் போவதில்லை, அது எனக்குத் தெரியும்.

அடுத்தது கை. யாருடையதையாவது வாங்கிப் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல் டிரிகரில் இருக்கும்போது மணிக்கட்டு வளைந்தால் அந்த ரேடியோ உங்களுக்கு ஆகாது. எடை முன்பக்கம் சாய்ந்தால் ஐந்து நிமிட ஓட்டத்தின் கடைசி நிமிடத்தில் கை தானாக இறங்கும்.

அப்புறம்தான் வசதிகள். பல வண்டிகளின் செட்டிங்கைச் சேமிக்கும் மாடல் மெமரி, சக்கரம் எதுவரை திரும்பலாம் என்று இரு பக்கமும் தனித்தனியாக வைக்கும் எண்ட் பாயிண்ட், டூயல் ரேட், எக்ஸ்போ (இவை திங்கள்சந்தைக்காரர் கேள்வியில் வரும்), சிக்னல் போனால் வண்டியை நிறுத்தும் ஃபெயில்சேஃப், பிரேக்குக்கு ஏபிஎஸ். இவை இருந்தால் முதல் மூன்று வருடத்துக்குப் போதும். ஃப்ளைஸ்கை ஜிடி5, ரேடியோலிங்க் ஆர்சி4ஜிஎஸ் இரண்டிலும் இவற்றில் பெரும்பாலானவை உண்டு. மிச்சக் காசை நல்ல சர்வோவில், அதாவது கட்டளைப்படி முன்சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாரில் போடுங்கள். ஏன் சர்வோ என்பதற்கு மார்த்தாண்டத்துக்காரர் கேள்வியில் வருகிறேன். அவர் என்னை விடப் போவதில்லை.

குலசேகரம்: ரப்பர் தோட்டத்தில் ஓட்டுகிறோம். பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அறுபது மீட்டர் தாண்டினால் வண்டி நின்றுவிடுகிறது. ரேடியோ மோசமா?

பெட்டியில் போட்ட தூரம் வெட்டவெளிக் கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இந்த அலை நேர்கோட்டில்தான் போகப் பார்க்கும், மரத்தைச் சுற்றி வளைந்து போகாது. தண்ணீர் அதை உறிஞ்சும். நனைந்த இலை, ஈரத் தண்டு எல்லாம் அதற்குத் தண்ணீர்தான். உங்கள் உடம்பும்தான். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று ஓட்டிப் பாருங்கள், தூரம் குறையும்.

இதெல்லாம் சரி, ஆனால் அறுபது மீட்டர் ரொம்பக் குறைவு. வண்டியின் பாடி ஷெல்லைக் கழற்றி ரிசீவர் ஆன்டெனாவைப் பாருங்கள். கறுப்பு வயரின் நுனியில் உறை இல்லாமல் முப்பது மில்லிமீட்டர் சொச்சம் தெரியும். கால் அலை நீளம் என்று கணக்குப் போட்டு விட்ட இடம் அது, உண்மையில் கேட்கும் காது அதுதான். மற்ற நீளமெல்லாம் அதை மேலே தூக்கிப் பிடிக்கும் கவச வயர். நீளம் அதிகம் என்று நுனியை வெட்டுகிறவர்களும், சுருட்டி ரிசீவர் பெட்டிக்குள் திணிக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. நுனி பிளாஸ்டிக் குழாய்க்குள் செங்குத்தாக நிற்க வேண்டும். கார்பன் தகட்டை ஒட்டியோ மோட்டார் வயரை ஒட்டியோ படுத்திருக்கக் கூடாது. இதைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளந்து சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நூறு மீட்டருக்கு அப்பால் 1/10 வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் என்றே தெரியாது. அந்தத் தூரத்தில் ரேடியோ வேலை செய்து என்ன ஆகப் போகிறது?

மணவாளக்குறிச்சி: எங்கள் கடற்கரைக் கறுப்பு மணலில் கதிர்வீச்சு இருக்கிறது என்கிறார்கள். அது ரிமோட் சிக்னலைத் தடுக்குமா? அங்கே ஓட்டினாலே ஸ்டீரிங் நடுங்குகிறது.

நல்ல கேள்வி. அந்த மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் இருக்கின்றன. மோனசைட்டில் தோரியம் உண்டு, அதனால்தான் கதிர்வீச்சு. அது ஆல்ஃபா, பீட்டா, காமா வகை. நம் ரேடியோ அலையோடு அதற்குப் பேச்சுவார்த்தையே கிடையாது, ரிசீவருக்கு அது இருப்பதே தெரியாது.

நடுக்கம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அந்த மணல் மாவு போல நைசு, ஆனால் கனம். சர்வோவின் கியருக்குள் புகும். சர்வோ எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டரின் தடத்தில் உட்காரும். உப்புக் காற்றும் சேர்ந்தால் தடம் அரிக்கும், சர்வோ தன் நிலை தெரியாமல் துடிக்கும். மணல் கையோடு ரிமோட்டைத் திருப்புகிறீர்கள் அல்லவா, அந்தச் சக்கரத்துக்குள்ளும் பல ரேடியோக்களில் இதே சாமான்தான். வீட்டில் ரிமோட்டை மேசையில் வைத்து, கை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் முன்சக்கரம் நடுங்கினால் சர்வோவைக் கழற்றி வேறு நல்ல சர்வோ செருகுங்கள். நடுக்கம் நின்றால் சர்வோ, நிற்காவிட்டால் ரிமோட்டின் பொட்டென்ஷியோமீட்டர். கடற்கரைக்குப் போகும்போது ரிமோட்டுக்கு ஒரு பாலிதீன் உறை போடுங்கள். பார்க்க லட்சணமாக இருக்காது.

கோட்டாறு: அண்ணே, நேராகப் போனால் பிரச்சினை இல்லை. வேகம் கொடுத்துக்கொண்டே முழுசாகத் திருப்பினால் வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது. சிக்னல் போய்விடுகிறது என்று நினைத்து வேறு ரேடியோ வாங்கினேன். அதிலும் அப்படியே.

மக்கா, கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாமே.

இது சிக்னல் போவது அல்ல, கரன்ட் போவது. ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்குள் இருக்கும் பெக் என்ற குட்டி சர்க்யூட்டிலிருந்து. மலிவான ஈஎஸ்சியில் அது இரண்டு மூன்று ஆம்பியர் தந்தாலே பெரிது. பலமான டிஜிட்டல் சர்வோ ஒன்று திரும்ப முடியாமல் முட்டி நின்றால் அதுவே மூன்று, நான்கு, ஐந்து ஆம்பியர் இழுக்கும். அந்த நொடி 6 வோல்ட் சரிந்து விழுகிறது. மூன்றரை வோல்ட் அளவுக்கு இறங்கினால் பல ரிசீவர்கள் அணைந்துவிடும். சர்வோ இழுப்பதை நிறுத்தியதும் வோல்டேஜ் ஏறும். ரிசீவர் மறுபடி விழித்து, ரிமோட்டைத் தேடிப் பிடித்து வேலைக்கு வரும். உங்கள் "ஒரு நொடி சாவு" இதுதான். கொடை நடக்கும்போது பாஸ் அடிக்கையில் சீரியல் விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை.

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் இப்படி மயங்கினாலும் உடனே எழுந்துவிடும், ஒரு சின்ன உதறலோடு போய்விடும். புதியதற்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது, முதலிலிருந்து தொடங்கும். அதனால்தான் "2.4 வந்த பிறகு பிரச்சினை அதிகம்" என்ற பேச்சே வந்தது.

சோதனை சொல்கிறேன். மல்டிமீட்டரில் பார்க்காதீர்கள், சரிவு அதற்குள் முடிந்துவிடும். நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் போட்ட தனி பேக்கை ரிசீவரின் பேட்டரி வாயில் செருகுங்கள். ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயரில் சிவப்பை மட்டும் பிளக்கிலிருந்து உருவி டேப் சுற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டு சப்ளை மோதும். இப்போது ஓட்டுங்கள். சாவு நின்றுவிட்டதா? குற்றவாளி பெக்.

மருந்து மூன்று. முதலாவதுக்குக் காசில்லை. சக்கரத்தை முழுசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காதை வையுங்கள். சர்வோ "ங்ங்ங்" என்று முனகினால் அது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. எண்ட் பாயிண்டைக் குறைத்து முனகல் நிற்கும் இடத்தில் விடுங்கள், இரு பக்கமும் தனித்தனியாக. இரண்டாவது, 4700 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கண்டென்சர் ஒன்றை ரிசீவரின் காலி சேனலில் செருகுவது. நொடிப்பொழுது சரிவை அது தாங்கும். கண்டென்சரின் மைனஸ் கால் மைனஸில்தான் போக வேண்டும், மாற்றிப் போட்டால் வெடிக்கும். எனக்கு வெடித்திருக்கிறது. மூன்றாவது, தனியாக ஒரு பெக் வாங்குவது.

கோட்டாறு, மறுபடி: அண்ணே, எண்ட் பாயிண்ட் இரண்டு பக்கமும் 120 என்று இருந்தது. 88க்குக் கொண்டுவந்தேன். பிரச்சினை போய்விட்டது. புது ரேடியோவை என்ன செய்ய?

தக்கலைத் தம்பி ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

பைண்ட் ஆகவில்லை, அதாவது ரிமோட்டும் ரிசீவரும் ஜோடி சேரவில்லை (இரணியல், கருங்கல், வடசேரி, இன்னும் இரண்டு பேர்):

ஐந்து பேருக்கும் சேர்த்து. ரிமோட்டும் ரிசீவரும் ஒரே பாஷைதானா என்று பாருங்கள். பைண்ட் பிளக்கைச் சரியான வாயில் செருகினீர்களா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி இருந்தால் சில செட்கள் திணறும், ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். முடிந்ததும் பிளக்கை உருவுங்கள். டிராக்சஸ் ரிசீவரை ஃப்ளைஸ்கை ரிமோட்டோடு சேர்க்க முயன்றவர் யாரோ அவருக்கு: நடக்காது.

இரணியல், ஒரு அம்மா: என் மகனுக்குப் பதினொரு வயது. கடையில் வாங்கிய ரிமோட் கார் போதவில்லை, "நிஜமானது" வேண்டும் என்கிறான். என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை சார்.

பொம்மைக் கடை வண்டியில் இடதென்றால் முழு இடது, வலதென்றால் முழு வலது. சுவிட்ச் மாதிரி. அவன் கேட்பதில் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினால் வண்டியும் கொஞ்சம் திரும்பும். ரிமோட் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு சின்னத் துடிப்பின் நீளமாகச் சர்வோவுக்குச் சேர்க்கிறது. ஒன்றரை மில்லிசெகண்ட் என்றால் நடு, ஒன்று என்றால் ஒரு ஓரம், இரண்டு என்றால் மறு ஓரம், இடையில் எத்தனை நிலை வேண்டுமானாலும். அந்த "கொஞ்சம்" கைவந்த பிள்ளை மறுபடி பொம்மைக்குத் திரும்ப மாட்டான்.

வாங்கும்போது ரிசீவரும் ஈஎஸ்சியும் ஒரே பலகையில் ஒட்டியிருக்கும் வண்டியா என்று கேளுங்கள் அம்மா. பல சீன வண்டிகளில் அப்படி. ஒன்று போனால் இரண்டும் போகும், வேறு ரேடியோவும் மாட்ட முடியாது. தனித்தனியாக இருப்பதை வாங்குங்கள். ரிமோட்டில் வேகத்தை ஐம்பது சதவீதத்தில் கட்டிவைக்கும் வசதி இருந்தால் முதல் மாதம் கட்டியே வையுங்கள். அவனிடம் சொல்லிவையுங்கள்: முதலில் ரிமோட், அப்புறம் வண்டி.

மார்த்தாண்டம்: சேட்டா, நான் போன வருடம் ஜப்பான் ரேடியோவுக்கு மாறினேன். மாறிய வாரமே லேப் டைம் இறங்கியது. லேட்டன்சிதான் காரணம். விலை குறைந்த ரேடியோவில் ரேஸ் ஓட்டுவது வீண் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்களேன்.

வந்துவிட்டார்.

லேட்டன்சி என்றால் விரல் அசைவதற்கும் வண்டிக்குக் கட்டளை போய்ச் சேர்வதற்கும் இடையே உள்ள தாமதம். நல்ல ரேஸ் ரேடியோவில் அது சில மில்லிசெகண்ட். சாதாரணத்தில் இருபது வரை போகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி பத்து மில்லிசெகண்டில் பதினொரு சென்டிமீட்டர் நகரும். ஆக வித்தியாசம் உண்மை. அதுவே உங்கள் லேப் டைமை இறக்கியது என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குளச்சல்: இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மனிதன் கண்ணால் பார்த்துக் கையை அசைக்கவே 200 மில்லிசெகண்ட் ஆகும். அதில் பத்து எந்த மூலைக்கு? எல்லாம் விளம்பரம்.

நீங்கள் என் பக்கம் பேசுகிறீர்கள், ஆனால் தப்பாகப் பேசுகிறீர்கள். 200 என்பது திடீரென்று ஒன்று நடந்தால் ஆகும் நேரம். வளைவு திடீரென்று வருவதில்லை. ஐம்பது தடவை சுற்றிய வளைவு அது, கை முன்கூட்டியே போகிறது. செண்டை மேளத்தில் அடுத்தவர் அடித்ததைக் கேட்டு அடிக்கிறவர் யாரும் இல்லை. தாளம் எங்கே விழும் என்று தெரிந்து கோல் இறங்குகிறது. அந்தக் கோல் ஒவ்வொரு தடவையும் பத்து மில்லிசெகண்ட் தாமதமாக விழுந்தால் கை அதற்குப் பழகிக்கொள்ளும். ஒரு தடவை ஐந்து, ஒரு தடவை இருபத்தைந்து என்று விழுந்தால்? தாளம் சிதறும். மலிவான ரேடியோவின் குறை தாமதம் அல்ல, தாமதம் மாறிக்கொண்டே இருப்பது. விலை கூடிய ரேடியோவில் நீங்கள் காசு கொடுப்பது அந்தச் சீருக்குத்தான்.

மார்த்தாண்டம்: அப்போ நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது!

பாதி. ரேடியோ மாற்றியபோது வேறு எதையும் மாற்றினீர்களா?

மார்த்தாண்டம்: சர்வோவும் மாற்றினேன். பழையது 0.14. இது 0.07.

இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன். 0.14 என்பது அறுபது டிகிரி திரும்ப ஆகும் விநாடி. நம் ஸ்டீரிங் நடுவிலிருந்து ஓரம் போக சர்வோ கிட்டத்தட்ட முப்பது டிகிரி திரும்பும். பழையது 70 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது, புதியது 35. சர்வோவில் மட்டும் 35 மில்லிசெகண்ட் லாபம். ரேடியோவில் பத்தோ பன்னிரண்டோ. யார் வேலை செய்தது, யார் பேர் வாங்கியது?

இன்னொரு தாமதமும் ஒளிந்திருக்கிறது. பழைய முறையில் ரிசீவர் சர்வோவுக்கு விநாடிக்கு ஐம்பது தடவைதான் கட்டளை தரும், அதாவது இருபது மில்லிசெகண்டுக்கு ஒன்று. கட்டளை வந்த கணம் பஸ் போய்விட்டிருந்தால் அடுத்த பஸ் வரை நிற்க வேண்டும். ரேஸ் ரேடியோவில் சர்வோவுக்குத் தனி வேக முறை உண்டு, சான்வாவில் எஸ்எஸ்ஆர், ஃபுட்டாபாவில் எஸ்ஆர் என்பார்கள். பஸ் சில மில்லிசெகண்டுக்கு ஒன்று. அந்த முறைக்கு என்று செய்த டிஜிட்டல் சர்வோவுக்கு மட்டும் அதை வையுங்கள். அனலாக் சர்வோவை எஸ்எஸ்ஆரில் வைத்தால் கொதித்துப் புகையும். நோட்டில் எழுதி வையுங்கள்.

மார்த்தாண்டம்: கணக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையில் தெரிகிறது சேட்டா. பழைய ரேடியோவை எடுத்தால் வண்டி ரப்பரில் கட்டி இழுக்கிற மாதிரி இருக்கிறது.

சோதிக்கலாம். உங்கள் ரேடியோவில் ஸ்டீரிங் ஸ்பீட் என்று ஒரு செட்டிங் இருக்கும், சர்வோவை வேண்டுமென்றே மெதுவாக்குவது. நண்பர் ஒருவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் அதை 100, 90, 60 என்று தனக்குத் தோன்றியபடி வைத்து, திரையில் காகிதம் ஒட்டித் தரட்டும். இறங்கியதும் இது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அவர் சீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும், முகத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாது.

குளச்சல்: நான் வந்து சீட்டு எழுதுகிறேன்.

(நேற்று மழை விட்டபோது ஒரு சிமெண்ட் தளத்தில் இருவரும் சேர்ந்து செய்தே விட்டார்கள்.)

மார்த்தாண்டம்: 60 வைத்ததை ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தேன். 90க்கும் 100க்கும் நான் சொன்னது பாதி தப்பு. ஆனால் ஒன்று. தப்பாகச் சொன்ன ஓட்டங்களிலும் நான் நன்றாகத்தான் ஓட்டினேன்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே உங்களை எனக்குப் பிடிக்கும். பெரிய தாமதம் கைக்குத் தெரிகிறது, சின்னது தெரியவில்லை. உங்கள் ரேடியோ நல்ல ரேடியோ, வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் "இது இல்லாவிட்டால் வீண்" என்று சொல்லாதீர்கள், பாவம், கடன் வாங்குவார்கள்.

குளச்சல்: விளம்பரம் என்றேனே, அதுவும் பாதி சரிதானே?

ஆளுக்குப் பாதி. வேறு கேள்விக்குப் போகிறேன், பின்னால் பலர் நிற்கிறார்கள்.

பூதப்பாண்டி: மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த 27 மெகாஹெர்ட்ஸ் செட் பரணில் கிடக்கிறது. கிரிஸ்டல் மாற்றுகிற வகை. இப்போதும் ஓட்டலாமா?

ஓட்டலாம். 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. கிரிஸ்டல் ஜோடி ஜோடியாக வரும், ரிசீவர் கிரிஸ்டல் ரிமோட் கிரிஸ்டலைவிட 455 கிலோஹெர்ட்ஸ் குறைவு. இடம் மாற்றிச் செருகிவிட்டு "செட் செத்துவிட்டது" என்று என் கடைக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

அந்தக் காலத்தில் ஒரு பலகையில் துணி கிளிப் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சேனல் எண். கிளிப் கையில் இருப்பவன்தான் ரிமோட்டை ஆன் செய்யலாம். ஒரே சேனலில் இருவர் ஆன் செய்தால் ஒருவன் வண்டி இன்னொருவன் பேச்சைக் கேட்டு வரப்பில் பாயும். சண்டை நடந்திருக்கிறது. இப்போது பத்துப் பேர் ஒன்றாக ஓட்டினாலும் மோதல் இல்லை, ஏனென்றால் ரிமோட்டும் ரிசீவரும் பேசிவைத்துக்கொண்டு அலைவரிசை விட்டு அலைவரிசை தாவுகின்றன. ஒரு தாவலில் மோதினாலும் அடுத்ததில் விலகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த இந்தியாவில் அனுமதி வந்தது 2005இல்.

தாவும் யோசனை ஒன்றும் புதிதல்ல. 1942இல் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெய்லும் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். ரேடியோவால் செலுத்தும் டார்பிடோவை எதிரி குழப்பாமல் இருக்க, பியானோவின் கட்டைகள் போல 88 அலைவரிசைகளில் தாவுவது திட்டம். தோவாளை வாய்க்கால் கரையில் நாம் ஓட்டும் பக்கி அந்த டார்பிடோவின் பேரப்பிள்ளை.

ஆரல்வாய்மொழி: எங்கள் பக்கம் காற்றாலைகள். சிக்னலைக் கெடுக்குமா?

2.4இல் பயப்பட ஒன்றும் இல்லை. பழைய 27 ஏஎம் செட் என்றால் உயர் அழுத்தக் கம்பிக்கு அடியில் பொறி இரைச்சல் வாங்கும், தள்ளி நில்லுங்கள். அங்கே உங்கள் எதிரி காற்றுதான், பாடி ஷெல் பறந்துவிடும்.

திங்கள்சந்தை: டிரிம், சப் டிரிம், எண்ட் பாயிண்ட், டூயல் ரேட், எக்ஸ்போ. ஐந்தும் ஒன்று மாதிரியே இருக்கிறது.

வரிசையாகச் செய்தால் குழம்பாது. சர்வோ ஹார்னை (சர்வோவின் அச்சில் மாட்டும் சின்னக் கை) கழற்றி, ரிமோட் ஆன் செய்து, நடுவுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கத்தில் மாட்டுங்கள். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு சப் டிரிம். அப்புறம் இரு ஓரத்துக்கும் எண்ட் பாயிண்ட், முனகல் கேட்காத இடம் வரை. இது வரை பட்டறை வேலை, ஒரு முறை செய்தால் தொடக் கூடாது. டிரிம், டூயல் ரேட் இரண்டும் களத்து வேலை. நேராகப் போகாவிட்டால் டிரிம், திருப்பம் அதிகமாகிப் பின்பக்கம் சுற்றினால் டூயல் ரேட்டைக் குறையுங்கள். எக்ஸ்போ நடுப்பகுதியின் சுறுசுறுப்பைக் கூட்டவோ குறைக்கவோ. முதல் ஒரு மாதம் எக்ஸ்போ பூஜ்யத்தில் கிடக்கட்டும்.

டிரிமை ஒரு பக்கம் நிறையத் தள்ளித்தான் வண்டி நேராகப் போகிறது என்றால் எங்கோ வளைந்திருக்கிறது. ரேடியோவால் வளைவை மறைக்காதீர்கள்.

அருமனை: நைட்ரோ வண்டி, எரிபொருள் என்ஜினில் ஓடுவது. ஃபெயில்சேஃப் கட்டாயமா?

கட்டாயம். எலெக்ட்ரிக் வண்டியில் சிக்னல் போனால் பெரும்பாலும் ஈஎஸ்சி தானே நிற்கும். நைட்ரோவில் த்ராட்டிலைப் பிடித்திருப்பது சர்வோ, சிக்னல் போனால் கடைசி நிலையிலேயே நிற்கக்கூடும்.

சோத்தவிளையில் என் 1/8 பக்கி ஒரு நாள் கையை விட்டுப் போனது. ஃபெயில்சேஃப் வைத்திருந்தேன், வைத்த விதம்தான் தப்பு. சில ரேடியோக்கள் பைண்ட் செய்யும்போது டிரிகர் எங்கே இருக்கிறதோ அதையே ஃபெயில்சேஃபாக நினைவில் வைக்கும். அன்று என் விரல் டிரிகரை லேசாக அழுத்தியிருந்திருக்கிறது. ரிமோட் பேட்டரி இறங்கி சிக்னல் போனதும், வண்டி விசுவாசமாக அந்த "லேசாக"வைப் பிடித்துக்கொண்டு இளநீர்க் குவியலில் போய் முட்டியது. இளநீர்க்காரர் ஆறு காய்க்குக் காசு வாங்கிக்கொண்டு ஒன்றை எனக்கே வெட்டித் தந்தார்.

அதனால்: வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜின் ஓடாமல், ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். த்ராட்டில் மூடி பிரேக் பிடிக்க வேண்டும். வண்டி ஆனில் இருக்க ரிமோட்டை அணைக்க அனுமதி இந்தச் சோதனைக்கு மட்டும்தான். ரிசீவர் பேட்டரியே செத்துவிட்டால் ஃபெயில்சேஃபும் சாகும், அதற்குக் கார்புரேட்டரில் ஒரு ரிட்டர்ன் ஸ்பிரிங் மாட்டுங்கள். ஸ்பிரிங்குக்குப் பேட்டரி வேண்டாம்.

குழித்துறை: நான்கு பென்சில் செல் போடுகிற ரிமோட்டில் 2 செல் லிப்போ போடலாமா?

அது முழு சார்ஜில் 8.4 வோல்ட். உங்கள் ரிமோட் 6 வோல்ட்டுக்குச் செய்தது. கையேட்டில் போடலாம் என்று எழுதியிருந்தால் தவிர வேண்டாம். ரீசார்ஜ் பென்சில் செல் 1.2 வோல்ட்தான் என்பதால் குறைந்த பேட்டரி எச்சரிக்கையின் அளவையும் இறக்கி வையுங்கள்.

திருவட்டாறு: வெளிநாட்டிலிருந்து ரேடியோ வரவழைத்தால் சுங்கத்தில் பிடிப்பார்களா?

ஒயர்லெஸ் சாதனம் இறக்குமதிக்கு இடிஏ என்ற சாதன வகை ஒப்புதல் கேட்பார்கள். இங்கேயே பில்லோடு விற்பவரிடம் வாங்குங்கள். மற்றது என் துறை அல்ல.

பேச்சிப்பாறை: பாறை ஏறும் கிராலர் வண்டிக்கு எத்தனை சேனல்?

ஸ்டீரிங், த்ராட்டில், பின்சக்கர ஸ்டீரிங், வின்ச். நான்கு. கியர், டிஃப் லாக் எல்லாம் வேண்டுமென்றால் ஆறு. டிராக்கில் ஓடும் வண்டிக்கு இரண்டுக்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

சுசீந்திரம்: டிரோனுக்கு எந்த ரிமோட் நல்லது?

தெரிந்தவரைக் கேளுங்கள். நான் தரையைவிட்டுக் கிளம்புவதில்லை.

கருங்கல்: அண்ணாச்சி, பைண்ட் ஆகவில்லை.

மேலே.

கருங்கல்: படித்தேன். இப்போது பைண்ட் ஆகிவிட்டது, ஆனால் வண்டியை ஆன் செய்ததுமே முழு வேகத்தில் சுவரில் போய் மோதியது.

எதை முதலில் ஆன் செய்தீர்கள்?

கருங்கல்: ...வண்டியை.

சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஒரு டப்பா மேல் வையுங்கள். ரிமோட்டை ஆன் செய்து, த்ராட்டில் டிரிம் பூஜ்யத்தில் இருக்கிறதா, த்ராட்டில் ரிவர்ஸ் சுவிட்ச் சரியா என்று பாருங்கள். அப்புறம் வண்டியை ஆன் செய்து, ஈஎஸ்சிக்கு நடுவும் இரு ஓரமும் கையேட்டில் சொன்னபடி புதிதாகக் காட்டிக்கொடுங்கள். முன் ஆர்ம் உடைந்திருந்தால் படம் அனுப்புங்கள், பழைய சாமானில் தேடிப் பார்க்கிறேன்.